கங்சார் வேனில் சிக்கிய சீடி

"நம்ம சீடி ஒண்ணு இருக்கா?" என்று நண்பன் பலகையில் எழுதிக் காட்டினான். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி சின்ன வெள்ளைப் பலகை. எந்நேரமும் அவன் மடியிலேயே கிடக்கும்.

அவனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் மெல்லிய துணி கட்டியிருப்பான். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தான். வந்த சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தவன், அதை அலமாரிக்குள் வைத்துவிட்டு அப்புறம் எடுக்கவே இல்லை. மலேசியாவில், ஈப்போவைச் சுற்றி எத்தனையோ கல்யாண மேடைகளில் பாடியவன் அவன்.

"இருக்கும் லா. வீட்ல எங்கயாச்சும் கெடக்கும். நாளைக்கே எடுத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

நாங்கள் இரண்டு பேரும் கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இரண்டு குடும்பமும் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்து சேர்ந்தன. அவன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். நான் இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் பார்த்தேன். சனி ஞாயிறு வந்தால் இசைக்குழு. அவன் பாடுவான், நான் கீபோர்டு வாசிப்பேன். மற்றவர்கள் பாட்டையே எத்தனை நாளைக்கு வாசிப்பது என்று ஒரு நாள் அவன் கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உட்கார்ந்து எட்டுப் பாட்டுப் போட்டோம். மெட்டு என்னுடையது, வரிகள் அவனுடையவை. ஈப்போவில் ஒரு கடையின் மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறையில் பதிவு செய்தோம். ஆயிரம் சீடி அடித்தோம். கோயில் திருவிழாக்களில் மேசை போட்டு விற்றோம்.

ஆறாவது பாட்டு தாலாட்டு. அப்போது அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பதிவுக்கு வருவதற்கு முன்னால் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்தவன், அந்தக் கையோடு பாடினான். ஒரே டேக்கில் முடிந்தது.

அந்தப் பெண்ணுக்குத்தான் இப்போது குழந்தை பிறந்திருந்தது. அவன் மனைவி என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

"அண்ணே, பேத்தியத் தூக்கி வச்சிக்கிட்டு வாய மட்டும் அசைக்கிறாரு. காத்துதான் வருது. பாக்க முடியலண்ணே. அந்தத் தாலாட்டு மட்டும் கெடைச்சாப் போதும்."

"உங்ககிட்ட ஒண்ணுகூட இல்லியா?"

"வீட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தாரு. நம்ம வீட்டுக்கு எதுக்கு சீடி, நான்தான் இருக்கேனேன்னு சொல்லுவாரு."

வீட்டுக்குப் போனதும் தேடினேன். வரவேற்பறை அலமாரியில் எங்கள் சீடியின் உறை கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அட்டையில் நாங்கள் இருவரும் ஒரு மலை அருவி முன்னால் நீலச் சட்டையில் நிற்கிறோம். திறந்தேன். உள்ளே எப்போதோ வாங்கிய பிரிண்டரோடு வந்த சீடி இருந்தது. பிரிண்டரையே தூக்கிப் போட்டுப் பத்து வருஷம் இருக்கும். யார் மாற்றி வைத்தது, எங்கள் சீடி எங்கே போனது, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. என் மகன் கைத்தொலைபேசியை விட்டுத் தலையைத் தூக்காமலே, "எல்லாப் பாட்டும் ஆன்லைன்ல இருக்குப்பா," என்றான்.

எல்லாப் பாட்டும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். சீடியின் பெயரைத் தட்டினால் அதே பெயரில் சினிமாப் பாட்டுகள் வரிசையாக வந்தன. அவன் பெயரைத் தட்டினால் சென்னையில் இருக்கிற யாரோ ஒரு இளைஞன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தான். தாலாட்டின் முதல் வரியைப் பாடினால் கண்டுபிடிக்கும் என்று நண்பனின் மகள் சொன்னாள். அறையைச் சாத்திக்கொண்டு தொலைபேசியிடம் பாடினேன். அது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, மறுபடியும் முயலுங்கள் என்றது. மூன்று தடவை பாடினேன். மூன்று தடவையும் அதே பதில். உலகத்தில் இருக்கிற பாட்டெல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்கிறார்களே, எங்கள் எட்டுப் பாட்டுக்கு மட்டுமா இதில் இடமில்லாமல் போயிற்று? யாரும் போடவில்லை, அதனால் இல்லை. போட வேண்டியவன் நான்தான். சீடி இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

பதிவு செய்து கொடுத்தவரைப் பிடித்தேன். இப்போது ஜொகூரில் மகளோடு இருக்கிறார்.

"அந்தக் கம்ப்யூட்டரா? அது வெள்ளத்துல போச்சுப்பா. அதுக்கு முன்னாடியே ஹார்டிஸ்க்கு செத்துப் போச்சு," என்றார். பேச்சில் வருத்தம்கூட இல்லை. எத்தனை பேர் பாட்டு அதோடு போயிற்றோ.

அப்புறம்தான் தம்பிக்குக் கொடுத்த சீடிகள் ஞாபகம் வந்தன. விற்காமல் மிஞ்சியதை ரொம்ப நாள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். என் தம்பி கோப்பெங்கில், எங்கள் பழைய தோட்டத்து நிலத்தின் ஓரமாக, மிளகாயும் பயித்தங்காயும் போட்டிருக்கிறான். குருவி வந்து நாசம் பண்ணுகிறது, மினுக்குகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். நான்தான், என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இடம் காலியானது என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாளே கோப்பெங்குக்குப் போனேன். தம்பி கொல்லைக்குக் கூட்டிப்போனான். கம்புக்குக் கம்பு கயிறு கட்டி, அதில் வரிசையாக எங்கள் சீடிகள். காற்றில் திரும்பித் திரும்பி வெயிலை அடித்துக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டது. வெயிலும் மழையும் பட்டு வெள்ளிப் பூச்சு மீன் செதிள் மாதிரி உரிந்து போயிருந்தது. அந்தப் பூச்சில்தான் பாட்டு இருக்கிறது. அது போனால் எதுவும் இல்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே," என்றான் தம்பி.

"எனக்கே தெரியாதுடா."

இருந்ததில் நல்லதாகப் பார்த்துப் பதினேழு சீடிகளை அவிழ்த்து எடுத்தோம். கழுவித் துடைத்தேன். சரி, போட்டுப் பார்க்கலாம் என்றால் எதில் போடுவது? நான் ஓட்டுகிற காடியில் சீடி போட வாயே இல்லை. மகனின் லேப்டாப்பிலும் இல்லை. வீட்டில் இருந்த ரேடியோ போன தீபாவளிக்கு முன்னால் பழைய சாமான்காரனோடு போயிற்று. ஈப்போவில் ஒரு பெரிய மின்சாமான் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைப்பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அங்கிள், இப்ப யாரும் அது வாங்குறதில்ல அங்கிள்." பக்கத்திலேயே இசைத்தட்டு சுற்றுகிற பெட்டிகளை, எங்கள் அப்பா காலத்துப் பெரிய கறுப்புத் தட்டுப் போடுகிற பெட்டிகளை, புதுசாக அடுக்கி வைத்திருந்தார்கள். அது வேண்டுமாம், ஃபேஷனாம். சீடிக்கு அந்த மரியாதையும் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணிடம் நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

கடைசியில் இரும்புக் கடையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் கம்ப்யூட்டரில் சொருகுகிற டிரைவ் ஒன்றைக் கொடுத்து உதவினார். பதினேழையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். சுற்றும், இரையும், நிற்கும். ஒன்றில் மட்டும் முதல் பாட்டின் புல்லாங்குழல் நாலு விநாடி வந்தது. அப்புறம் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் எனக்குத் தெரிந்த குழுக்களில் எல்லாம் சீடி அட்டையின் படத்தைப் போட்டு, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். கட்டை விரல் வந்தது, கைகூப்பு வந்தது, 'பழைய நினைவுகள்' என்று இதயம் வந்தது. சீடி வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்தது.

"அண்ணே வணக்கம். நான் கோலா கங்சார்ல ஸ்கூல் வேன் ஓட்டுறேன். உங்க சீடி என் வேன்லதான் இருக்கு. ஆனா எடுக்க முடியாது. பதினோரு வருஷமா உள்ளயே மாட்டிக்கிச்சு. சாவியத் திருப்புனா அதுதான் பாடும். வேற எதுவும் பாடாது."

அதை நண்பன் வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். அவன் மனைவி அழுதாள். அவன் பலகையில் 'எப்ப?' என்று எழுதினான்.

அடுத்த சனிக்கிழமையே போனோம். பள்ளியில் ஏதோ பயிற்சி இருந்ததால் அன்றைக்கும் வேன் ஓடியது. ஈப்போவிலிருந்து கங்சார் முக்கால் மணி நேரம்கூட இல்லை. காடியில் நான், அவன், அவன் மனைவி. மகள் கைக்குழந்தையோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். தமிழ்ப்பள்ளி வாசலில் அந்த அக்கா வேனை நிறுத்திக் காத்திருந்தார். அறுபது வயசு இருக்கும், பேஸ்பால் தொப்பி, வெயிலுக்குப் போடுகிற கையுறை. பயிற்சி முடிந்து பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இவருதான் பாடுனவரு," என்றார் அக்கா பிள்ளைகளிடம்.

பத்துப் பன்னிரண்டு தலைகள் திரும்பின. ஒரு சின்னப் பெண், "அங்கிள், பாடிக் காட்டுங்க!" என்று கத்தினாள். அக்கா அவளை அதட்டினார். நண்பன் கழுத்துத் துணியைச் சரி பண்ணிக்கொண்டு சிரித்தான். முன் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தோம். அவன் மனைவியும் நானும் பின்னால் பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா சாவியைத் திருப்பினார்.

முதல் பாட்டு. அவன் குரல். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய குரல், அந்த ஓட்டை ஸ்பீக்கரில். அதைக் கேட்டு அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து அவன் பிடரி மட்டும்தான் தெரிந்தது. ஆனால் பிள்ளைகள்! வேன் நகர்ந்ததும் அத்தனை பிள்ளைகளும் பாட ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தினமும் பழக்கம். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது என்ன என்று தெரிந்து முன்கூட்டியே எடுத்தார்கள். நான் போட்ட பின்னணி இசையை வாயால் வாசித்தான் ஒருவன். உலகத்தில் எங்கேயும் இல்லாத எங்கள் பாட்டு, கங்சாரில் ஒரு வேனுக்குள் மட்டும் தினமும் இரண்டு தடவை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நண்பனின் மனைவி தொலைபேசியை நீட்டிப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

ஆறாவது பாட்டு வந்தது. நான் பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். அவர்கள் கேட்கவில்லை, பாடினார்கள். பல்லவி நன்றாகவே வந்தது. முதல் சரணமும் வந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற இசை தொடங்கியதும் சீடி ஒரு தாவு தாவிப் பாட்டின் கடைசி வரியில் போய் விழுந்தது. இசையும் போயிற்று, சரணமும் போயிற்று. பிள்ளைகளும் அதே இடத்தில், கொஞ்சம்கூடத் தடுமாறாமல், அதே தாவலைத் தாவிக் கடைசி வரிக்குப் போனார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டே அப்படித்தான்.

நண்பனின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் ஓய்ந்த பிறகு மறுபடி மறுபடி போட்டோம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தாவியது. பிள்ளைகள் சத்தம் இல்லாத அந்த நேரத்திலும் நாங்கள் பதிவு செய்யவில்லை; சீடியிலிருந்தே சுத்தமாக எடுத்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"லென்ஸ்ல தூசியா இருக்கும். பிரிச்சு எடுத்துத் தொடச்சாச் சரியாயிடும்," என்றேன்.

"வேணாம்ணே," என்றாள் நண்பனின் மனைவி. "கெடைச்ச வரைக்கும் போதும். நான்தான் பதிஞ்சிட்டேனே."

"அதுல எஞ்சின் சத்தமும் பிள்ளைங்க சத்தமுந்தான் இருக்கு. நல்லதா ஒரு காப்பி எடுத்துட்டா எப்பவும் இருக்கும்ல?"

நண்பனைப் பார்த்தேன். அவன் பலகையில் எதையோ எழுதி, அழித்து, கடைசியில் 'உன் இஷ்டம்' என்று காட்டினான். அவனுக்கு விருப்பமில்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வேன் அக்காதான் ரொம்ப நேரம் தயங்கினார். "பாத்து எடுப்பாங்களா அண்ணே? பிள்ளைங்க கேப்பாங்க," என்றார். ஒரே நாளில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ரேடியோவைக் கழற்றி ஈப்போவுக்குக் கொண்டுவந்து, பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒரு சீனரிடம் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்றேன். அவர் மேல் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: சீடியை இழுக்கிற ரப்பர் உருளை உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, அப்படியே விட்டுவிடுவது நல்லது. நான் எடுங்கள் என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் எடுங்கள் என்றேன்.

மெல்லிய கத்தியால் நெம்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். "அடோய்," என்று அவர் கையை எடுத்தார். சீடி நடுத் துளையிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு கோடாக விரிசல் விட்டிருந்தது. அடிப்பக்கம் உருகிய ரப்பர் தார் மாதிரி வட்டமாக அப்பியிருந்தது. அவர் எவ்வளவோ பக்குவமாகத் துடைத்துக் கொடுத்தார். டிரைவில் போட்டால் எகிறிக் குதித்துவிட்டு நின்றது. முதல் பாட்டு வரவில்லை, எந்தப் பாட்டும் வரவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. இரண்டு தடவை கேட்டாரே.

கடைக்கு வெளியே வந்து காடிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கையால் அடித்தேன். யார் மேல் கோபப்படுவது? சீடி நூறு வருஷம் இருக்கும் என்று சொல்லி விற்றவர்கள் மேலா? சீடி போட வாய் வைக்காமல் காடி செய்கிறவர்கள் மேலா? தேடியும் எங்கள் பாட்டைக் காட்டாத அந்தத் தொலைபேசி மேலா? எல்லார் மேலும் கோபம் வந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடுங்கிக் கெடுத்தது நான்.

திங்கட்கிழமை கங்சாருக்குப் போய் வேன் அக்காவிடம் சொன்னேன். பாட்டை யூஎஸ்பியில் போட்டுக் கேட்கிற புது ரேடியோ ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புது ரேடியோவை வாங்கி டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு, காலியாகக் கிடந்த ஓட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"காலையில ஏறுனதும் பிள்ளைங்க கேட்டுச்சுங்க. ரேடியோ ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னேன். இனிமே என்னா சொல்றது?" என்றார்.

வேறு வேலை இருக்கிற மாதிரி அவர் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் புறப்பட்டு வந்துவிட்டேன்.

நண்பனிடம் சொல்லப் பயமாக இருந்தது. அவன் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். அவன் மனைவி வேனில் பிடித்த பதிவுதான் மிச்சம். அதைத்தான் மகள் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் போடுகிறாள். டீசல் எஞ்சின் உறுமுகிறது, பன்னிரண்டு பிள்ளைகள் கத்திப் பாடுகிறார்கள், யாரோ ஒருத்தி நடுவில் தும்முகிறாள், அதற்கெல்லாம் பின்னால் எங்கேயோ அவன் குரல். குழந்தை அதைக் கேட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறது. அதற்கு எந்தக் குறையும் இல்லை. எனக்குத்தான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அந்தத் தாவல் வருகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒரு நாள் அவன் பலகையைத் திருப்பிக் காட்டினான். காணாமல் போன இரண்டாவது சரணத்தை ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தான். அதற்குக் கீழே, 'மியூசிக் நீ போடு. மகள் பாடுவா' என்று இருந்தது.

மறு ஞாயிறு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பல்லவி வாசித்தேன். முதல் சரணம் வாசித்தேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற அந்த இசை, நானே உட்கார்ந்து யோசித்துப் போட்டது, முழுசாக அரை நிமிஷம்கூட இருக்காது, கையில் வரவில்லை. ஏதோ ஒன்றை வாசித்தேன். அவன் கையை ஆட்டி 'அது இல்ல' என்று காட்டினான். வேறு ஒன்று வாசித்தேன். அதுவும் இல்லை. அவனுக்கு அது அப்படியே தெரியும். ஆனால் கேள்வி ஞானத்தில் பாடியவன், ஸ்வரம் எழுதவோ கீபோர்டு கட்டையைத் தொட்டுக் காட்டவோ தெரியாது. என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து மெட்டுப் போகிற போக்கில் அசைக்கிறான், தொடையில் தாளம் போடுகிறான். எனக்குக் காற்று போகிற சத்தம்தான் கேட்கிறது.

"ஏறுதா, எறங்குதா? அத மட்டும் சொல்லு லா," என்று கத்திவிட்டேன். உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

அவன் பலகையை எடுத்து ஒரு கோடு போட்டான். மேலே போய், வளைந்து, கொஞ்ச தூரம் கீழே இறங்கி, மறுபடி லேசாக ஏறுகிற கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து வாசித்தேன். தலையை ஆட்டினான், இல்லை. கோட்டை அழித்து இன்னொன்று போட்டான். நான் வாசித்தேன். இல்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். அவன் மனைவி கோப்பி கலந்து வைப்பாள். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பாள். ஆறு வாரம் ஆகிவிட்டது. முதல் நாலு ஸ்வரம் கிடைத்துவிட்டது என்று அவன் ஒத்துக்கொண்டான். மீதி போன ஞாயிறும் வரவில்லை.